வழக்குப் போடக் காசு இருக்கிறது, வாதாடக் காசு இல்லையா? நிதி, சட்டத்துறை அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு நிதியமைச்சர் அவர்களுக்கும் சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மாவட்டக் கோர்ட்டில் தொழில் செய்யும் வக்கீல். சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகளோடு, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒதுக்கித் தரும் வழக்குகளையும் நடத்துகிறேன். கோர்ட் வளாகத்தில் எங்களைப் 'பேனல் வக்கீல்' என்பார்கள், சிலர் மரியாதையாக, சிலர் கொஞ்சம் இளக்காரமாக. பட்ஜெட் வேலை நடக்கும் காலத்தில் விவசாயிகள், வணிகர்கள், அரசு ஊழியர்கள் என்று எல்லோரும் மனுவோடு உங்களைப் பார்க்க வருகிறார்கள். சட்ட உதவி வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது. அவர்களில் பலர் சிறைக்குள் இருக்கிறார்கள், மற்றவர்கள் ஜீவனாம்ச வழக்கில் வாய்தா வாய்தாவாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் பக்கத்துக் கணக்கை நான் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஏழைக்கு வாதாடும் வக்கீலின் செலவை அரசு செய்யும் தர்மமாகப் பார்க்காதீர்கள். போலீஸ், அரசு வழக்கறிஞர், சிறை ஆகியவற்றின் செலவு எப்படி ஒரு குற்ற வழக்கை நடத்தும் செலவோ, அதே மாதிரி இதுவும் ஒரு செலவு. அதற்கு மாநில பட்ஜெட்டில் நிரந்தரமாக, போதுமான அளவு இடம் கொடுங்கள்.

ஒரு பைக் திருட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். புகாரை வாங்கிய எஸ்.ஐ., ஆளைப் பிடித்து வந்த காவலர்கள், கோர்ட்டுக்குக் கூட்டி வந்த எஸ்கார்ட், கிளைச் சிறை வார்டர், மாஜிஸ்திரேட், பெஞ்ச் கிளார்க், பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி என எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். அரசுத் தரப்பில் நிற்கும் உதவி அரசு வழக்கறிஞர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர். நிரந்தர வேலை, இன்க்ரிமென்ட், பதவி உயர்வு எல்லாம் உண்டு. அது அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. ஆனால் கூண்டில் நிற்பவனுக்காகப் பேசுகிற வக்கீலைப் பாருங்கள். அவர் ஒன்று என்னைப் போன்ற பேனல் வக்கீலாக இருப்பார், பில் போட்டுவிட்டு எப்போது வரும் என்று காத்திருப்பார். அல்லது 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த முழுநேர சட்ட உதவி வக்கீல் ஏற்பாட்டில், எல்.ஏ.டி.சி. என்று நாங்கள் சொல்கிறோமே, அதில் இருக்கும் ஒப்பந்த வக்கீலாக இருப்பார். வேறு தனி வழக்கு எதையும் அவர் எடுக்கக் கூடாது, ஆனால் வேலை நிரந்தரம் இல்லை. ஒரே வழக்கு, ஒரே கோர்ட். தண்டிக்கக் கேட்பவருக்கு நிரந்தர வேலை, தடுக்கக் கேட்பவருக்குத் தற்காலிக ஒப்பந்தம்.

அந்த முழுநேர ஏற்பாட்டுக்கு மத்திய அரசு 2023-24 முதல் 2025-26 வரை மூன்று ஆண்டுகளுக்கு 998.43 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. நாடு முழுவதற்குமான தொகை அது. திட்டத்தை நீட்டிப்பது, தொகையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் டெல்லியின் கையில். மாநில அரசு சட்ட உதவிக்கு ஒன்றுமே தரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆணைக்குழு அலுவலகங்களும் ஊழியர்களும் உங்கள் பணத்தில்தான் ஓடுகிறார்கள். ஆனால் இந்த மாநிலத்தின் போலீஸ் கைது செய்து, இந்த மாநிலத்தின் சிறையில் அடைக்கும் ஒருவருக்கு வக்கீல் இருப்பதும் இல்லாததும் வேறொரு அரசின் திட்டக் காலத்தைப் பொறுத்தது என்பது சரியான ஏற்பாடா? மாநில உரிமை பேசும் நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் சட்டமன்றத்தில் சூடாக எழவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

'காசு இல்லை' என்ற பதிலுக்கு மட்டும் இங்கே இடமில்லை. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. பொருளாதார இயலாமையால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அதன் சாரம். பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை வெளியே வந்தபோது, அவர்களை முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திய அன்று வக்கீல் யாரும் இல்லை என்பதும் சேர்ந்தே வெளியே வந்தது. 1980 டிசம்பரில் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நிதி இல்லை, நிர்வாக வசதி இல்லை என்று காரணம் காட்டி இந்தக் கடமையிலிருந்து அரசு தப்பிக்க முடியாது. முதல் முறை ஆஜர்படுத்தும்போதே வக்கீல் தர வேண்டும். தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.

1987-ல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வர 1995 நவம்பர் 9 ஆகிவிட்டது. அதன் 12-வது பிரிவைப் படித்தால் மனசு நிறையும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. இவர்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. அதாவது தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இலவச வக்கீலுக்குத் தகுதியானவர்கள். சரி, பணம்? இந்தியா நீதி அறிக்கை 2025-ன்படி, சட்ட உதவிக்கு நாட்டில் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குச் செலவாவது சுமார் 6 ரூபாய். கோர்ட் வாசலில் ஒரு டீ குடிக்க அது பத்தாது.

இனி நடப்பதைச் சொல்கிறேன். அப்போதுதான் பணம் எங்கே தேவைப்படுகிறது என்பது பிடிபடும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒடிசா பையன் ஒருவனைச் செல்போன் திருட்டு வழக்கில் ரிமாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம், கோர்ட் முடிகிற நேரம். அன்று ரிமாண்ட் டியூட்டி எனக்கு. 'வக்கீல் வச்சிருக்கியா?' என்று கேட்டதற்குத் தலையாட்டினான். 'போலீஸ் அடிச்சாங்களா?' என்று கேட்டதற்கும் அதே தலையாட்டல். ஒரு வார்த்தை புரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ போய் டீக்கடையில் வேலை செய்யும் வடக்கத்தி ஆளைக் கூட்டி வந்தார்கள். அவருக்கு இந்தி தெரியும், ஒடியா தெரியாது. பையனுக்கு ஒடியா தெரியும், இந்தி அரைகுறை. அவன் தலைக்கு மேல் தொங்கிய பிரிவுகளைப் பற்றி அந்த டீக்கடைக்காரர் என்ன சொன்னாரோ, அவன் என்ன புரிந்துகொண்டானோ. மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்க எந்தச் செலவுத் தலைப்பில் பணம் எடுப்பது என்று அப்புறம் விசாரித்தேன். சரியான பதில் யாரிடமும் இல்லை. வெளி மாநிலத் தொழிலாளர்களின் உழைப்பில் ஓடும் மாவட்டங்களில்கூட இதுதான் நிலைமை.

கைது செய்யப்பட்டவரை முதலில் ஆஜர்படுத்தும்போதே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைப் புரியும்படி சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 2012-ல் அஜ்மல் கசாப் வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மும்பைத் தாக்குதல் வழக்கின் குற்றவாளிக்கே அந்த உரிமை உண்டு என்றால், செல்போன் திருடியதாகச் சொல்லப்படும் பையனுக்கு இல்லாமல் போகுமா?

அவனுக்கு ஜாமீன் கிடைக்கவே செய்தது. உத்தரவில் வழக்கமான வாசகம்: தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். ரத்த உறவு ஒடிசாவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஜாமீன்தாரர் என்றால் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, சில சமயம் தாசில்தாரிடம் வாங்கிய சொத்து மதிப்புச் சான்று, போட்டோ எல்லாம் வேண்டும். வாடகை ஷெட்டில் பத்துப் பேரோடு தங்கியிருக்கும் ஒருவனுக்கு வீட்டு வரி ரசீது எங்கே இருக்கும்? கையில் காசிருந்தால் கோர்ட் பக்கத்திலேயே 'ஏற்பாடு' செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அமைச்சர்களான உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பப் போவதில்லை. காசில்லாதவன் ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே இருப்பான். நிபந்தனையைத் தளர்த்த மறுபடி மனுப் போட்டு, அது எடுபடும்வரை அவனும் இருந்தான்.

இதுவும் புதிய கதை இல்லை. 1978-ல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழே பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவு வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கிழித்துத் தோரணம் கட்டி, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அனுப்பச் சொன்னார். தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75.8. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் அறிவித்தது. அப்போது வகுத்த விதிப்படி, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. நல்ல திட்டம். ஆனால் மாநிலங்கள் இதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று மத்திய உள்துறையே கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த காரணம் எளிது. இந்த ஊர்களில் பெரும்பாலான கைதிகள் மாட்டிக்கொள்வது கட்ட வேண்டிய ரொக்கத்தில் இல்லை, ஜாமீன்தாரரில். ஆள் பிடித்து, காகிதம் வாங்கி, கிராமத்துக்குப் போன் பேசி, தாசில்தார் அலுவலகத்தில் நின்று வேலை முடிக்க ஒருவர் வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் ஆணைக்குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் சட்டத் தன்னார்வலர்கள். அவர்களுக்குப் பல மாநிலங்களில் கொடுக்கும் மதிப்பூதியம் குறைந்தபட்சக் கூலியைத் தொடுவதில்லை. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு மட்டும். அப்புறம் தன்னார்வலர் எண்ணிக்கை குறைகிறது என்று வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

பேனல் வக்கீலின் பில் கதைக்கு வருகிறேன். இது என் சொந்தக் குறையும்தான், மறைக்கவில்லை. வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட வேண்டும். நகல் வந்ததும் பில் படிவத்தில் எந்தெந்தத் தேதியில் ஆஜரானேன் என்று எழுதி, கோர்ட்டில் சான்று வாங்கி, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஒதுக்கீடு வரும்போது பணம் வரும். மொத்த வழக்குக்கும் சேர்த்துக் கிடைப்பது, நல்ல சீனியர் ஒருவர் ஒரு நாள் வந்து நிற்க வாங்குவதில் ஒரு சின்னப் பங்கு. நகல் கட்டணம், ஜெராக்ஸ், சிறைக்குப் போய் கட்சிக்காரரைப் பார்த்து வரும் பஸ் செலவு எல்லாம் அதற்குள்தான். சம்பவ இடத்தைப் போய்ப் பார்ப்பதற்கோ, போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்பதற்கோ தனியாகப் பணம் இல்லை. அரசுத் தரப்புக்குத் தடய அறிவியல் ஆய்வகமே இருக்கிறது.

மகளிருக்குப் பேருந்துப் பயணம் இலவசம் என்று 2021-ல் அறிவித்தீர்களே, அப்போது டிக்கெட் காசைக் கண்டக்டரோ டிரைவரோ கைப்பணத்திலிருந்து போடட்டும் என்றா விட்டீர்கள்? போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு கொடுக்கிறது. அதனால்தான் அந்தத் திட்டம் ஓடுகிறது. அதே பேருந்தில் ஜீவனாம்ச வழக்குக்கு வந்து இறங்கும் பெண்ணுக்குச் சட்டப்படி வக்கீலும் இலவசம். அந்த இலவசத்தின் பாரத்தில் ஒரு பங்கு மட்டும் இருபத்தெட்டு, முப்பது வயது ஜூனியர் வக்கீல்களின் பெட்ரோல் செலவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

'இலவச வக்கீல்கள் ஒழுங்காக நடத்துவதில்லை, சிலர் கட்சிக்காரரிடமே தனியாகக் காசு கேட்கிறார்கள்' என்பார்கள். உண்மை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன். பேனலிலிருந்து தூக்க வேண்டும். ஆனால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது 'நம்ம காசு கொடுத்த வக்கீல்' வேண்டும் என்று ஜனங்கள் போவதற்கு அவர்கள் மட்டும் காரணம் இல்லை. குறைந்த கூலிக்குத் தாமதமாகப் பணம் தரும் எந்த வேலையிலும் திறமையானவர்கள் தங்க மாட்டார்கள். தங்குபவர்களில் சிலர் பிடிவாதக்காரர்கள், சிலர் பழகிக்கொள்ள வந்தவர்கள். பழகிக்கொள்ள வருவதில் தப்பில்லை. செஷன்ஸ் கொலை வழக்கில் பழகக் கூடாது, அவ்வளவுதான்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் கண்டுவாவில் 2013-ல் நடந்த வழக்கு சாட்சி. ஒரு சிறுமியின் கொலை வழக்கு. ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 19-ஆம் தேதி குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்குச் சட்ட உதவி வக்கீலை நியமித்தார்கள். அன்றைக்கே குற்றச்சாட்டு வனைந்தார்கள். வக்கீல் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்தாரா, கட்சிக்காரரோடு ஐந்து நிமிஷமாவது பேசினாரா என்று யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று நாளில் விசாரணை முடிந்து, மார்ச் 4-ஆம் தேதி மரண தண்டனை. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாதாட உண்மையான வாய்ப்பே தரப்படவில்லை என்று சொல்லி எல்லாவற்றையும் ரத்து செய்தது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் பத்து வருஷ அனுபவமாவது உள்ள வக்கீல் வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. மறு விசாரணையில் மறுபடி மரண தண்டனை, மறுபடி ரத்து, மறுபடி விசாரணை. கடைசியில் 2024 மார்ச்சில் விசாரணை நீதிமன்றமே அவரை விடுதலை செய்தது. பதினொரு வருஷம். அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கும் இன்றுவரை நீதி இல்லை. 2013-ல் நல்ல வக்கீல் ஒருவருக்கும் டி.என்.ஏ. அறிக்கையைப் படித்துச் சொல்லும் நிபுணர் ஒருவருக்கும் கொடுத்திருக்க வேண்டிய பணத்தையும், பதினொரு வருஷச் சிறை, மூன்று முறை விசாரணை, மேல்முறையீடுகள் இவற்றுக்கு அரசு செலவழித்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிதித்துறைக்கு இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம். தடுப்புக் காவலில் ஆட்களை வைப்பதில் தமிழ்நாடு தேசிய அளவில் முன்வரிசையில் இருக்கிறது. கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே. காவல் உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. வழி ஒன்றுதான், சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அங்கே பல உத்தரவுகள், ஆவணத்தின் மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்ற காரணங்களால் ரத்தாகின்றன. ரத்தாகும்வரை அந்தக் குடும்பம் ஊரிலிருந்து பஸ் ஏறி, வட்டிக்கு வாங்கிய பணத்தோடு அலையும். இத்தனை காவல் உத்தரவுகள் போடும் அரசு, அவற்றை எதிர்க்கும் செலவையும் தன் கணக்கில் எழுதத்தான் வேண்டும். உத்தரவின் நகலோடு, 'இலவச வக்கீலுக்கு 15100-க்குப் போன் செய்யுங்கள்' என்று தமிழில் ஒரு வரி சேர்க்க ஒரு பைசா ஆகாது.

  

ஆகவே சட்டமன்றத்தில் நிதி ஒதுக்கக் கேட்கும் 'நீதி நிர்வாகம்' மானியக் கோரிக்கையில் நான் பார்க்க விரும்புவது இவை. முழுநேர சட்ட உதவி வக்கீல்களுக்கு மாநிலத்தின் சொந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்கள், உதவி அரசு வழக்கறிஞருக்கு நிகரான சம்பளத்தில். டெல்லிப் பணம் வந்தால் கூடுதல் ஆட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மாவட்டந்தோறும் வழக்குச் செலவுக்குத் தனித் தலைப்பு: மொழிபெயர்ப்பாளர், மருத்துவ நிபுணர், பயணம், நகல். பெரிய தொகையே வேண்டாம், மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளர் கையெழுத்திட்டால் அந்த வாரமே எடுக்க முடிய வேண்டும். பேனல் பில்லுக்குக் காலக்கெடு வையுங்கள், தாண்டினால் வட்டி. ஒப்பந்தக்காரர்கள் தாமதமான பணத்துக்கு வட்டி கேட்கிறார்கள் இல்லையா, நாங்களும் கேட்கிறோம். ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களுக்காக அலைய, ஒவ்வொரு மத்தியச் சிறைக்கும் மாதச் சம்பளத்தில் ஆட்கள் வேண்டும். மொத்தம் ஒன்பது மத்தியச் சிறைகள்தான், கிளைச் சிறைகளையும் அவர்களிடமே பிரித்துக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் இந்த வருஷமே பணம் இல்லை என்றால் சொல்லுங்கள், எதை முதலில் செய்வது என்று பேசுவோம். ஆனால் ஒரு தகவலை மட்டும் செலவில்லாமல் இப்போதே தரலாம். சட்டத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை மக்கள் நீதிமன்றம் நடந்தது, எத்தனை வழக்கு சமரசமானது என்று பார்க்கிறோம். அதோடு இரண்டு பட்டியல்களையும் சேருங்கள்: எந்த மாவட்டத்தில் எத்தனை பேனல் வக்கீல் பில்கள் எத்தனை மாதமாக நிலுவையில் இருக்கின்றன, எந்தச் சிறையில் எத்தனை பேர் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஏழு நாளுக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். இரண்டாவது கணக்கைச் சிறைக் கண்காணிப்பாளர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது. எனவே அது யாரிடமும் இல்லை என்று சொல்ல முடியாது. மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் அதை அவையில் வைப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் பேனல் வக்கீல்